முப்பத்தாறு பல்

அந்தக் கேள்வியைத் திருவேங்கடம் ஐந்தாவது முறையாகக் கேட்டபோது தாயி புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"தாயி, நம்பகமான மிஷின் எது?"

தாயி நிமிரவில்லை. கையிலிருந்த காய் முடிந்தது. கத்தியைப் படிக்கல்லின் ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அடுத்த காயை எடுத்தார்.

திருவேங்கடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து நாள் மூன்று ஊர் அலைந்து, பேருந்தில் இடுப்பொடிந்து அன்று மதியம்தான் மலையேறி வந்திருந்தார். பை நிறைய விளம்பரத் தாள்கள். எல்லாம் மரம் அறுக்கிற மிஷின்கள். பெட்ரோலில் ஓடுகிற செயின் சா. ஒவ்வொன்றும் தன்னைப் போல் உலகத்தில் இல்லை என்று சத்தியம் செய்தது.

தாயியின் குடில் மூங்கிலாறு என்ற மலையூருக்குப் போகிற பாதையின் நடுவழியில் இருந்தது. குருவான தாயிக்கு நாற்பத்து நான்கு வயது. துறவுக்கு முன்னால் ராசிபுரத்துப் பக்கம் அப்பாவின் மரவாடியை நடத்தியவர். சீடர் திருவேங்கடத்துக்கு அறுபத்திரண்டு. பாலம் கட்டும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தாயி அவரை 'இன்சினீரய்யா' என்றுதான் கூப்பிடுவார்.

குடிலில் சேருகிறவர்களுக்கு ஒரே ஒரு வேலை கொடுப்பது வழக்கம். மந்திரம் கிடையாது, உபதேசம் கிடையாது. அந்த வேலைதான் தவம். ஒருவருக்குப் பசு கிடைத்தது. ஒருவருக்குக் கிணறு. தியானம் பழகலாம் என்று ஆசையோடு வந்த திருவேங்கடத்துக்குப் பாதை கிடைத்தது. காற்றடித்தால் அந்தப் பாதையில் சவுக்கும் சில்வர் ஓக்கும் தாறுமாறாக விழும். அறுத்து ஒதுக்க வேண்டும். தவம் செய்ய வந்தவன் கையில் ரம்பத்தைக் கொடுத்துவிட்டார்களே என்று அவர் முதல் மாதம் முழுக்கப் புலம்பினார்.

பாதையை நம்பி ஒரு உயிர் இருந்தது. மூங்கிலாற்றுச் சடையனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் காலையில் ஜீப்பில் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு மதியம் திரும்புவார். டயாலிசிஸ். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். அதற்கு மேல் மூச்சு வாங்கும்.

போன வெள்ளிக்கிழமை மரம் விழுந்தது. திருவேங்கடம் மிஷினின் கயிற்றை இருபத்தேழு தடவை இழுத்தார். அது ஒரு தடவை இருமியது, அவ்வளவுதான். கடைசியில் ஊர்க்காரர்கள் கோடாலியோடு வந்து மரத்தை வெட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சடையனின் முறை வேறொருவருக்குப் போயிருந்தது. இன்னொரு முறை கிடைக்க மாலை வரை பெஞ்சில் படுத்துக் கிடந்தார்.

திருவேங்கடம் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலை அந்த மிஷினைக் கொட்டகையில் தள்ளிப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, புது மிஷின் தேடி மலையிறங்கிவிட்டார். இடையில் வந்த செவ்வாய்க்கிழமை காற்றில்லாமல் போனது சடையனின் நல்ல நேரம்.

"தாயி, கேக்கறது காதுல விழுதா?"

"விழுதுங்க."

"அப்போ பதில் சொல்லுங்க. மூணு மிஷின் வாங்கியாச்சு. மூணும் துரோகம் பண்ணிடுச்சு."

"முதல்ல வாங்கினது என்ன பண்ணுச்சுங்க?"

"அதைப் பத்தி நெட்ல நாலாயிரம் பேர் ஆஹா ஓஹோன்னு எழுதியிருந்தாங்க. இங்க வந்தா கையளவு மரத்துலயே மாட்டிக்கிச்சு."

"அது கொய்யாக் கிளை கழிக்கிறதுக்குங்க. ரெண்டாவது?"

"கடையிலேயே பெருசு அதுதான். தூக்க முடியலை. தோள்பட்டை போச்சு."

"மூணாவது?"

"அது சரியான அளவு, சரியான எடை. அதனாலதான் ஆத்திரமா வருது! வாங்கி மூணு மாசம்கூட ஆகலை." ஒரு தாளை உருவி நீட்டினார். "இதைப் பாருங்க. இதுதான் நாலாவது. என்ன சொல்றீங்க?"

தாயி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார்.

"இதுக்குச் சங்கிலி அடிவாரத்துல கிடைக்குமாங்க?"

"கோயமுத்தூர்ல சொல்லிவெச்சா பத்து நாள்ல வரும்."

"மரம் பத்து நாள் பொறுக்குமா?"

திருவேங்கடம் தாளை வெடுக்கென்று திரும்ப வாங்கிக்கொண்டார்.

"குருன்னா ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்லணும். நீங்க கேள்விக்குக் கேள்வி கேக்கறீங்க."

"நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க," என்றார் தாயி. "மேக்கால இருட்டிக்கிட்டு வருது. அஞ்சு நாளாக் கொட்டகைச் சாவி உங்க இடுப்புல இருக்கு. நான் பூட்டை உடைக்கறதா வேண்டாமான்னு யோசிச்சுட்டு இருந்தேன். அந்த மூணாவதைக் கொண்டாங்க."

அப்போதுதான் திருவேங்கடத்துக்கு இடுப்புச் சாவி உறுத்தியது. போய் எடுத்து வந்தார்.

மிஷின் பார்க்கக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கைப்பிடியில் காய்ந்த எலுமிச்சை. உடம்பில் நாலு பக்கமும் குங்குமம். சக்கரம் இருந்தால் அதன் கீழும் பழம் வைத்திருப்பார். ஆயுத பூஜைக்குத் திருவேங்கடம் செய்த அலங்காரம் அது. குடம் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, சந்தனத்தைக் கிண்ணம் கிண்ணமாகக் குழைத்துப் பூசி, பட்டுத் துண்டு சுற்றிப் பிள்ளையார் பக்கத்தில் வைத்தார். பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக் கூடாது என்பது வழக்கம். திருவேங்கடம் வழக்கத்துக்கும் மேலே போய், மரம் விழும் வரை தொடவில்லை.

தாயி இரண்டு திருகாணியைக் கழற்றி மேல்மூடியைத் தூக்கினார். காற்று வடிகட்டி மஞ்சளாக இருந்தது. நகத்தால் சுரண்டினார். பொருபொருவென்று உதிர்ந்தது. முகர்ந்து பார்த்து, திருவேங்கடத்தின் மூக்கருகே நீட்டினார்.

சந்தனம்.

சங்கிலி ஓடுகிற நீளப் பட்டையைக் கழற்றினார். சங்கிலிக்கு எண்ணெய் கசிகிற ஓட்டை ஒன்று அதன் அடியில் இருக்கும். ஊக்கை விட்டுக் குடைந்தார். அதிலும் சந்தனம். டாங்கியைத் திறந்து கவிழ்த்தார். பூஜைக்கு ரொம்ப நாள் முன்பே கலந்து ஊற்றிய பெட்ரோல், பழைய வார்னிஷ் வாடையோடு வந்தது.

திருவேங்கடத்துக்கு முகம் சுருங்கியது. இருபத்தேழு தடவை கயிறு இழுத்ததும், மிஷினைத் திட்டியதும், சடையன் பெஞ்சில் கிடந்ததும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததும் கோபமும் கூடவே வந்தது.

"அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கலாமே தாயி!"

"பூஜை முடிஞ்சதும் துடைச்சு வைங்கன்னு சொன்னேனுங்க."

"துடைச்சேனே!"

"வெளியில."

தாயி உள்ளே போய் பென்சிலைவிட ஒல்லியான ஒரு உருட்டு அரத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டார்.

"சங்கிலியில எத்தனை பல்லுன்னு எண்ணுங்க."

எண்ணினார். "முப்பத்தாறு."

"ஒவ்வொரு பல்லுக்கும் மூணு தள்ளு. தள்ளும்போது மட்டும்தான் அழுத்தணும். பின்னாடி வரும்போது தூக்கிடுங்க. ஒண்ணு குட்டையா ஒண்ணு நெட்டையா போச்சுன்னா வெட்டு கோணும்."

"வாங்கும்போதே தீட்டித்தானே கொடுத்தான்?"

"இப்போ பல்லைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். குழந்தை ஈறு மாதிரி மொழுமொழுவென்றிருந்தது. பூஜைக்கு முன்னாலெல்லாம் மிஷின் மரத்தூளை மாவாகக் கொட்டியதையும், நல்ல சன்னமாக அறுக்கிறதே என்று தான் பெருமைப்பட்டதையும் அவர் வெளியே சொல்லவில்லை.

மூன்றாவது பல்லில் விரல் கிழிந்தது. பத்தாவது பல்லில் முதுகு வலித்தது. பதினேழாவதில் எண்ணிக்கை தப்பி எங்கே ஆரம்பித்தோம் என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். முதல் பல்லில் சுண்ணாம்பால் பொட்டு வைத்துக்கொண்டால் போதும் என்று தாயி அதற்குப் பிறகுதான் சொன்னார். திருவேங்கடம் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"முப்பத்தாறு வருஷம் சர்வீஸ்ல இருந்தவன் தாயி நான். ஆத்துக்குக் குறுக்க பாலம் கட்டினவன்."

"அந்தப் பாலமெல்லாம் நல்லா இருக்குதுங்களா?"

"கட்டிக் கொடுத்துட்டு அடுத்த ஊருக்கு மாத்தலாகிப் போய்டுவேன். அதெல்லாம் யாரு பார்த்தா?"

திருவேங்கடம் அடுத்த பல்லுக்கு நகர்ந்தார்.

பொழுது சாய்வதற்குள் வடிகட்டியைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, ஓட்டையைக் குடைந்து, புது பெட்ரோலில் அளவாக ஆயில் கலந்து ஊற்றி, சங்கிலியை மாட்டி முடித்தார். பல் திசை மாறி மாட்டியிருந்ததைத் தாயி விரலால் காட்டினார். கழற்றி மறுபடி மாட்டினார். வாய்விட்டுத் திட்ட ஆள் கிடைக்காமல் வானத்தைத் திட்டினார்.

வானம் பதிலுக்குக் காற்றை அனுப்பியது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மேலிருந்து ஜீப் வந்து, குடிலுக்குக் கீழே மூன்றாவது வளைவில் நின்றுவிட்டது. சில்வர் ஓக் ஒன்று பாதையின் குறுக்கே நெடுஞ்சாண்கிடையாக விழுந்திருந்தது. சடையன் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. செருப்பு நுழையாமல் வெறுங்காலில் வந்திருந்தார்.

"கோடாலி எடுத்தார ஆளு அனுப்பட்டுமா?" என்றார் டிரைவர். அவருக்கும் போன வெள்ளி மறக்கவில்லை.

திருவேங்கடம் கண்ணாடியும் கையுறையும் மாட்டி, மிஷினைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தார். செருமியது. இரண்டாவது இழுப்பில் இருமியது. மூன்றாவது இழுப்பில் மலையே அதிரப் பிடித்துக்கொண்டது.

சங்கிலி மரத்தில் இறங்கியது. தூள் பறக்கவில்லை. சீவல் சீவலாகத் தெறித்து அவர் காலடியில் குவிந்தது. ஒரு வெட்டு, பத்தடி தள்ளி இன்னொரு வெட்டு. கடைசி விரற்கடையில் அவசரப்பட்டு அழுத்த, சங்கிலி மரத்தைத் தாண்டி மண்ணைக் கீறிப் பொறி பறந்தது. அதற்குள் துண்டு விழுந்துவிட்டது. டிரைவரும் அவருமாக உருட்டிப் பள்ளத்தில் தள்ளினார்கள். எல்லாம் சேர்ந்து இருபது நிமிஷம்.

ஜீப் கடந்து போகும்போது சடையன் வெளியே கையை நீட்டினார். திருவேங்கடம் கையுறையைக் கழற்றிவிட்டு அந்தக் கையைத் தொட்டார். மிஷினைக் குழந்தை போல மார்போடு அணைத்துக்கொண்டு குடிலுக்கு ஏறினார்.

மதியம் சாப்பாடானதும் கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைக்க உட்கார்ந்தார். தாயி வந்து நின்றார். கிண்ணத்தைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். குனிந்து சங்கிலியில் கட்டைவிரலை ஓட்டினார்.

"மண்ணுல பட்டுச்சுங்களா? பல்லு மழுங்கியிருக்குது."

"லேசா. ஒரே ஒரு தடவை."

தாயி உள்ளே போய் அரத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

திருவேங்கடத்துக்குக் காலையிலிருந்த நெகிழ்ச்சியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சந்தனக் கிண்ணத்தை டக்கென்று கீழே வைத்தார்.

"மறுபடியுமா? நேத்துதானே தாயி முப்பத்தாறு பல்லும் தீட்டினேன்! விரலைப் பாருங்க. இன்னைக்கு ஓடுச்சு, நாளைக்கும் தீட்டு, அடுத்த நாளும் கழுவுன்னா, அப்புறம் அது என்ன நம்பகமான மிஷின்? ஒரு தடவை ஒழுங்கா சுத்தம் பண்ணினா அதுபாட்டுக்கு ஓட வேண்டாமா?"

கீழே வளைவில் ஜீப்பின் சத்தம் கேட்டது. முக்கி முக்கி ஏறி வந்து, என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றக் குடில் வாசலில் நின்றது. சடையன் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். முகம் வற்றியிருந்தது. கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

தாயி அரத்தை நீட்டியபடியே நின்றார்.

"அவருக்கு இன்னிக்குச் சுத்தம் பண்ணியாச்சுங்க," என்றார். "செவ்வாய்க்கிழமை மறுபடி எதுக்குப் போறீங்கன்னு போய்க் கேட்டுட்டு வாங்க."

திருவேங்கடம் போய்க் கேட்கவில்லை. சுண்ணாம்பை எடுத்து முதல் பல்லில் பொட்டு வைத்தார்.