மரிக்கொழுந்துப் பாத்தி

வெந்த பாறையின் இடுக்கிலும் ஒரு பச்சையை நிறுத்தி வைத்திருக்கும் பெருமானின் திருவடிகளை முதலில் தொழுவோம்.

"தாயே, நான் ஊருக்குப் போறேன். உத்தரவு கொடுங்க."

கேட்டவர் குற்றாலலிங்கம். ஜவுளிக்கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் பொத்தையடி மடத்துக்கு வந்தவர். மரமில்லாத மொட்டைப் பாறைக்குன்றின் அடியில் இருந்தது அந்த மடம். காலையில் குன்றின்மேல் ஏறி அமரும் வெயில் அந்தியில்தான் இறங்கும்.

எதிரே இருந்தவர் மடத்துத் தலைவி சிவகாமி அம்மை. வயதில் அவருக்கு இளையவர். மாசியில் காசி யாத்திரை புறப்பட்டவர், அன்றுதான் திரும்பியிருந்தார். கால் வெடிப்புகளில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் வந்ததும் நீங்க கிளம்புதீங்களாக்கும். உக்காருங்க அண்ணாச்சி. என்ன குறை?"

"குறையில்ல தாயே. சலிச்சுப் போச்சு."

"எதுல?"

"உபதேசம் கேட்டு வந்தேன். காதுல ஒரு மந்திரத்தைச் சொல்லி, கையில மண்வெட்டியக் கொடுத்தீங்க. ரெண்டையும் நான் விடல. ஆனா உள்ளே ஒண்ணும் முளைக்கல."

"வெளியே?"

அவர் முகம் சற்றே தெளிந்தது.

"அது நல்லா முளைச்சிருக்கு. நாளைக்கு வருஷாபிஷேகம். என் கையால வளத்த மரிக்கொழுந்தைச் சுவாமிக்குச் சாத்துறதா வேண்டியிருக்கேன். அதை மட்டும் சாத்திட்டுக் கிளம்பிருதேன்."

அம்மை அவர் கைகளைப் பார்த்தார். முழங்கை வரை தடித்துச் சிவந்திருந்தன.

"இது என்ன?"

"வெயில்தான். தவம்னா உடம்பு நோகத்தானே செய்யும்."

அம்மை எழுந்தார். இருவரும் நந்தவனத்துக்குப் போனார்கள்.

நந்தியாவட்டை இலைகளைச் சுருட்டிக்கொண்டு நின்றது. மல்லிகைப் பந்தல் பாதி காய்ந்திருந்தது. வெயிலைப் பொருட்படுத்தாதது அரளி ஒன்றே.

கடைசிப் பாத்தி மட்டும் இடுப்புயரம் தழைத்துக் கிடந்தது. கீறிக் கீறி விட்டாற்போன்ற இலைகள். நுனிகளில் நொய்யரிசிபோல் வெள்ளைப் பூக்கள்.

"மாசியில விதைச்சது," என்றார் குற்றாலலிங்கம். "கிணத்துல தண்ணி அடியில கிடக்கு. இறைச்சு இறைச்சுத் தோள்பட்டை போச்சு. இருந்தாலும் எப்படி வந்திருக்கு பாருங்க."

"விதைச்சதெல்லாம் இப்படித்தான் வந்துச்சா?"

"எங்கே! ரெண்டு சாதி முளைச்சுது. ஒண்ணு சாம்பல் பூத்து, சவலைப் பிள்ளையாட்டம். இன்னொண்ணு தரையோட படர்ந்து, திடமா. சவலையைப் பூராவும் களைஞ்சு தூர வீசிட்டேன்."

அம்மை ஒரு கொழுந்தைக் கிள்ளினார். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். குற்றாலலிங்கத்தின் மூக்கருகே நீட்டினார்.

குற்றாலலிங்கம் பதறிப் பின்வாங்கினார். துண்டு தானாகவே மூக்கை மூடியது.

"அபசாரம் தாயே! சுவாமிக்குள்ளது."

"முகருங்க."

"பாத்தியில இறங்கினாலும் பூத்தொடுத்தாலும் நான் துண்டைக் கட்டிக்கிட்டுத்தான் செய்வேன். சுவாமிக்கு முன்னே என் மூச்சு அதுல படலாமா?"

"அப்ப இதுக்கு மணம் இருக்கா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாது."

"எனக்கு எதுக்குத் தெரியணும்?"

"கடையில ஒரு வேட்டியை விரல்ல வச்சுக் கசக்கிப் பாக்காம கொள்முதல் பண்ணியிருக்கீங்களா?"

"அது வியாபாரம்."

"ஆமா. அதுல ஏமாந்தா வலிக்கும்."

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. குற்றாலலிங்கம் துண்டை இறக்கினார். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார்.

பச்சைக் கசப்பு ஒன்று வந்தது. வேறொன்றும் வரவில்லை.

தாமே ஒரு கொத்தைப் பறித்துக் கசக்கினார். மறுபடி முகர்ந்தார், பக்தியெல்லாம் போய், சந்தையில் சரக்குப் பார்ப்பவனைப்போல.

"மணமே இல்லையே."

"பார்த்தீனியம் அண்ணாச்சி. எருவோட விதை வந்திருக்கும்."

"ரோட்டோரத்துல, குப்பைமேட்டுல..."

"அதேதான். தொட்டா இப்படித்தான் கை தடிக்கும்."

"அப்ப நான் களைஞ்சு வீசினது?"

"அதுதான் மரிக்கொழுந்து."

குற்றாலலிங்கம் வரப்பில் அமர்ந்துவிட்டார். கோடை முழுதும் இறைத்த தண்ணீர் கண்முன் ஓடியது. மல்லிகைக்குக் குறைத்து இதற்கு ஊற்றியதும் நினைவுக்கு வந்தது. அழுகை வரவில்லை. அதற்கும் அலுப்பாக இருந்தது.

"நாளைக்குச் சுவாமிக்கு?"

"வில்வம் இருக்கு. அரளி இருக்கு."

"என் வேண்டுதல்?"

"அது போச்சு."

அம்மை ஒரு பழந்துணியைக் கிழித்துத் தம் கைகளில் சுற்றிக்கொண்டார். மீதியை அவரிடம் போட்டார்.

"பூ விட்டிருச்சு. விதை உதிர்ந்தா நந்தவனம் பூரா இதுதான். இன்னைக்கே பிடுங்கணும். நீங்க ஊருக்குப் போறதுன்னா போங்க, நான் பாத்துக்கிடுதேன்."

வெடித்த கால்களை மடக்கி, பாத்தியின் ஓரத்தில் குந்தி, முதற் செடியைப் பிடித்து இழுத்தார். நன்றாகத் தண்ணீர் குடித்த மண். வேரோடு எளிதாக வந்தது.

சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த குற்றாலலிங்கம் துணியைக் கையில் சுற்றிக்கொண்டார். எதிர் முனையிலிருந்து தொடங்கினார்.

பிடுங்கியவை குவியலாகி, குவியல் வெயிலில் வாடியது. பாதிப் பாத்தி வெறுமையானபோது இருவரும் ஏறக்குறைய எதிரெதிரே வந்திருந்தார்கள்.

"தாயே."

"ம்."

"நீங்க எனக்குக் கொடுத்த மந்திரம்..."

"சொல்லுங்க."

"அது உங்களுக்கு எதையாவது காட்டியிருக்கா?"

கேட்ட பின்னரே கேட்டது இன்னதென்று அவருக்கு உறைத்தது. கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை எழுந்தது.

அம்மையின் கை ஒரு செடியின் அடியில் அசையாமல் நின்றது.

"காசி வரைக்கும் போயிட்டு வந்துட்டேன் அண்ணாச்சி. வழி நெடுக எத்தனையோ பேர் கால்ல விழுந்தாங்க. ஒருத்தரும் இதைக் கேக்கல."

அவர் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"இப்படி வாங்க. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு."

இதைச் செவிமடுத்தோர் கிணறு கோடையிலும் ஊறுக. அவர் விதைத்தது விதைத்ததாகவே முளைக்க, பெருமான் துணை நிற்க.