எல்லாமே பூஜ்ஜியம்

சிகாமணி என்றொரு மென்பொருள் மேலாளர். அவசரமே அவர் பிறவிக் குணம். ஒருநாள் கத்தினார்: "கட்டளையைத் தப்பா அடிச்சாலும் எந்தப் புரோகிராமும் குறை சொல்லக் கூடாது. எல்லாமே பூஜ்ஜியத்தோட முடியணும். சாயங்காலத்துக்குள்ள மாத்து!"

புரோகிராம் முடியும்போது ஓர் எண்ணைத் தரும்: பூஜ்ஜியம் வந்தால் வேலை சரியாக முடிந்தது, ஒன்று வந்தால் தவறு. ஒப்பந்த ஊழியர் மரகதவல்லி கேட்டாள்: "அடுத்த புரோகிராம் அந்தப் பூஜ்ஜியத்தை நம்பித்தானே சார் கிளம்பும்?"

"எதிர்த்துப் பேசாதே! முதல்ல எனக்கு இன்னிக்கு ரயில் டிக்கெட் போடு. சீக்கிரம்!"

ஐந்தே நிமிடத்தில் வந்தாள். "முடிஞ்சுது சார்."

மாலையில் எழும்பூரில் பெட்டியோடு நின்றபடி போன் செய்தார்: "டிக்கெட் எங்கேம்மா?"

"எந்த ஊருன்னு நீங்க சொல்லவே இல்லையே சார். குறை சொல்லக் கூடாதேன்னு முடிஞ்சுதுன்னேன். நீங்களும் நம்பிக் கிளம்பிட்டீங்க."

போனில் ரயில் கூவியது. மரகதவல்லியே தொடர்ந்தாள்:

"சார், புரோகிராமையும் அப்படியே மாத்திடவா?"

"ஐயோ, அதுல கை வைக்காதே!"