இடம் தராத அலமாரி

‘கடல் ஓதம்: ஓர் எளிய விளக்கம்’ என்னும் திருப்பெயர் கொண்டதும், அச்சேறி நாற்பத்தோர் ஆண்டு நிறைந்து நாற்பத்திரண்டில் அடியெடுத்து வைத்ததும், நூற்று அறுபத்து நான்கு பக்கங்களும் ஆறு வரைபடங்களும் உடையதுமான நூல் ஒன்று, மலாக்கா நீரிணைக் கரையிலுள்ள ஒரு துறைமுக நகரின் பொது நூலகத்தில், தமிழ் அலமாரியின் மூன்றாம் தட்டில் குடியிருந்தது.

கடல் நீர் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குவது ஏன், அதில் நிலவுக்கு என்ன வேலை என்பதை, பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்காராதவருக்கும் விளங்கும்படி சொல்வது அதன் தொழில். அட்டை வெளுத்துவிட்டது. முதுகுத் தையல் தளர்ந்துவிட்டது. ஆயினும் அந்தத் தட்டில் அதைப்போல் நிமிர்ந்து நின்ற நூல் வேறில்லை. அதற்குக் காரணம் சவரிமுத்து.

சவரிமுத்துவுக்கு வயது எழுபத்தொன்று. துறைமுகத்து இழுவைப் படகில் முப்பது ஆண்டு கயிறு பிடித்து ஓய்வு பெற்றவர். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். பதினோரு ஆண்டுகளாக, நூலகம் திறந்திருந்த நாளெல்லாம் வந்து, இந்த நூலை இரு கைகளாலும் எடுத்து, மேசையில் விரித்து, இரண்டே பக்கம் வாசிப்பார். பிறகு அட்டையைக் கைக்குட்டையால் துடைத்து, எடுத்த இடத்திலேயே செருகிவிட்டுப் போவார். முப்பத்து மூன்று முறை முழுவதும் படித்து முடித்து, இப்போது முப்பத்து நான்காம் முறையில் இருந்தார்.

‘படித்த நூல்களை அலமாரியில் திரும்ப வைக்க வேண்டாம், தள்ளுவண்டியில் வையுங்கள்’ என்று மேசைமேல் மும்மொழியிலும் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதையும் சவரிமுத்து படித்திருந்தார். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாதவர்களுக்காக எழுதியது அது என்று முடிவு செய்து, அந்த விஷயத்தை அதோடு விட்டுவிட்டார்.

நவம்பர் மாதத்து அடைமழையில், ஒரு செவ்வாய்க்கிழமை, நூலின் முதுகில் சிவப்பு வில்லை ஒன்று ஒட்டப்பட்டது. அன்று மாலை தள்ளுவண்டி அந்தப் பக்கமாக உருண்டு வந்தது.

“என்ன பாஸ், பொட்டு வெச்சு விட்டாங்க போலருக்கே! வீட்டுல விசேஷமா?”

“மதிப்பிற்குரிய நூல்களுக்கு அடையாளம் இடுகிறார்கள் என்று எண்ணுகிறேன்,” என்றது நூல்.

வண்டி சிரித்த சிரிப்பில் அதன் இடது சக்கரம் கிறீச்சிட்டது. “மதிப்பா? செவப்புப் பொட்டு வெச்சதெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியில ஏறுது. திங்கக்கிழமை காகித ஆலை. அரைச்சுக் கூழாக்கி, முட்டை அடுக்குற அட்டை பண்ணுவாங்க.”

“என்னை நாள்தோறும் ஒருவர் வாசிக்கிறாரே!”

“யாரு பாத்தா?”

“நான் பார்த்தேன்.”

“உன்னை யாரு கேட்டா? மூணு வருஷமா கம்ப்யூட்டர்ல உன் பேர்ல ஒரு ‘பீப்’ சத்தம் கிடையாது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா ஒரு பீப். என் மேல வெச்சுட்டுப் போனா, கவுண்டர்ல இருக்குற யோகேஸ்வரி திரும்ப அடுக்குறதுக்கு முன்னாடி ஒரு பீப் போடும். உங்க ஆளு ரெண்டும் செய்ய மாட்டாரு. தொடைச்சு, தடவி, செருகிட்டுப் போயிடுவாரு. அவரு மரியாதைதான் பாஸ் உன்னைத் தீத்துக்கட்டுது.”

இடப்பக்கம் நின்ற தடித்த பொருளியல் நூல் தொண்டையைச் செருமியது.

“வருந்தாதீர்கள். இதில் பகை ஏதுமில்லை. வேண்டப்படும் பொருள் நிற்கும், வேண்டப்படாதது விலகும். எனக்கு இவ்வாண்டு மட்டும் நாற்பத்தேழு பீப்.”

“ஆரம்பிச்சிட்டாரு!” என்றது வலப்பக்கம் நின்ற பாத்திக் ஓவிய நூல். மெழுகும் சாயமும் கொண்டு துணியில் தீட்டும் பூவேலைகளைப் பளபளப்பான தாளில் காட்டும் நூல் அது. “ஏங்க, அந்த நாப்பத்தேழு பேர்ல உங்க கடைசிப் பக்கத்தைப் பாத்தவங்க எத்தனை பேரு?”

“மூன்றாம் அதிகாரம் வரை ஒருவர் வந்தார்,” என்றது பொருளியல் நூல் தாழ்ந்த குரலில். “அதற்குள் தேர்வு முடிந்துவிட்டது.”

கடல் ஓத நூலுக்கு ஒன்று மட்டும் தெளிவாக விளங்கியது. உயிர் பிழைக்க வேண்டுமானால், சவரிமுத்து தன்னை ஒரே ஒருமுறை அலட்சியமாகப் போட்டுவிட்டுப் போக வேண்டும். ஆனால் அவரிடம் இல்லாத ஒரே குணம் அதுதான்.

புதன்கிழமை, அவர் செருகிவிட்டு நகர்ந்ததும், யாரேனும் எடுத்து வண்டியில் போடட்டும் என்று நூல் துணிந்து தட்டிலிருந்து தரையில் குதித்தது. வாசல்வரை போனவர் சத்தம் கேட்டு ஓடிவந்தார். “அய்யய்யோ, அடி பட்டுருச்சா?” என்று மடிந்த முனையை நீவிவிட்டார். சிவப்பு வில்லையைப் பார்த்து, “புதுசா ஒட்டியிருக்காங்க, நல்லாத்தான் இருக்கு,” என்று மெச்சினார். பிறகு முன்னைக் காட்டிலும் ஆழமாகச் செருகிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை பாத்திக் நூல் ஒரு யோசனை சொன்னது. “அவரு எடுத்துட்டுப் போனதும் நாம ரெண்டு பக்கமும் நெருக்கிட்டா? திரும்பி வெக்க இடமே இல்லாம பண்ணிட்டா?”

“இடைவெளி இரண்டு விரல் அகலம்,” என்றது பொருளியல் நூல். “நாம் உப்பினால் ஒழிய அது மூடாது. உப்ப வேண்டுமானால் ஈரம் வேண்டும். வெளியே மழை. உள்ளே குளிர்சாதனம் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.”

கூரையோரமிருந்து குளிர்சாதனம் எட்டிப் பார்த்தது. “இருபது வருஷமா எல்லாரும் ‘இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு’ன்னுதான் கேட்டிருக்காங்க. நிறுத்தினா நல்லதுன்னு நினைக்கிறது நீங்கதான். புண்ணியமாப் போகும், ஒரு நாள் படுத்துக்குறேன்.”

பொருளியல் நூல் பாத்திக் நூலைப் பார்த்தது. “உமக்குத்தான் இழப்பு. பளபளப்புத் தாள். ஒருமுறை ஈரம் ஏறினால் சுருக்கம் சாகும்வரை போகாது.”

“தெரியும்.”

“தெரிந்துமா?”

“அவரு இதை எடுக்கும்போது ரெண்டு கையையும் விட்டு எடுப்பாரு. பக்கத்துல நிக்கிற எனக்கும் அந்தக் கை படும். பதினோரு வருஷமாப் பட்டிருக்கு. அதுக்கு நான் ஏதாச்சும் செய்ய வேணாமா?”

பொருளியல் நூல் தன் அதிகாரங்களை எல்லாம் ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டது. “என்னுடைய அறுநூறு பக்கத்தில் இதற்கு ஒரு சொல் இல்லை,” என்றது. சொல்லிவிட்டு, எல்லோருக்கும் முன்னதாகத் தானே ஈரக்காற்றை இழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்காக மூடிய நூலகம் மூன்று மணிக்குத் திறந்தது. சவரிமுத்து குடையை உதறி வைத்துவிட்டு வந்தார். நூலை எடுத்தார். இரண்டு பக்கம் படித்தார். துடைத்தார். வைக்கப் போனார். இடம் இல்லை.

விரலை நுழைத்துப் பார்த்தார். பொருளியல் நூலை இலேசாகத் தள்ளிப் பார்த்தார். அது மலைபோல் நின்றது. “என் மேல வைங்க! என் மேல வைங்க!” என்று வண்டி கத்தியது. சவரிமுத்துவின் காதில் அது சக்கரத்தின் கிறீச்சாகவே விழுந்தது. அவர் வண்டியைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், நூலை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே கவுண்டருக்கு நடந்தார்.

காகித ஆலைக்குப் போகும் பெட்டி அங்கேதான் வாயைத் திறந்து வைத்திருந்தது.

“யோகேஸ்வரி, இதுக்கு இடமில்லம்மா. பக்கத்துல இருக்குறதுங்க நெருக்கிட்டு நிக்கிதுங்க.”

“குடுங்க அங்கிள். அட, இது பெட்டிக்குப் போறதாச்சே. நல்லவேளை நீங்களே கொண்டாந்துட்டீங்க.” அந்தப் பெண் நூலை வாங்கிப் பெட்டிக்குள் போட்டாள். அது பழைய சமையல் நூல்களின் மேல் மல்லாந்து விழுந்தது.

“பெட்டின்னா?”

“கழிச்சுக் கட்டுறது அங்கிள். மூணு வருஷமா யாரும் படிக்கல.”

சவரிமுத்து பெட்டியைக் குனிந்து பார்த்தார். “யாரும் படிக்கலயா?”

“சிஸ்டம் அப்படித்தான் காட்டுது லா,” என்று ஊர் வழக்கில் இழுத்தாள்.

“அப்ப நான் யாரும் இல்லயாம்மா?”

யோகேஸ்வரி கையிலிருந்த வேலையை நிறுத்தினாள். “நீங்க டெய்லி படிக்கிறது இதைத்தானா? வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கலாமே அங்கிள்!”

“நான் கொண்டுபோயிட்டா, தேடி வர்ற ஆளு வெறுங்கையோட திரும்பிப் போகுமே.”

“சரி, வண்டியிலயாச்சும் வெச்சிருக்கலாமே?”

“நீ ஒத்தப் பொண்ணு, நாளெல்லாம் நின்னு எத்தனைதான் அடுக்குவே? உனக்குக் கால் வலிக்காதா?”

அவள் குனிந்து நூலைப் பெட்டியிலிருந்து எடுத்தாள்.

“அப்படி என்னதான் அங்கிள் இருக்கு இதுல?”

“முப்பது வருஷம் அந்தத் தண்ணி மேலதாம்மா நின்னேன். கேப்டன், ‘தண்ணி எறங்குது, கயித்தைத் தளத்து’ன்னு சொல்வாரு. தளத்துவேன். ‘ஏறுது, இழு’ம்பாரு. இழுப்பேன். ஏன் ஏறுது, ஏன் எறங்குதுன்னு கேட்டா சிரிப்பாங்கன்னு யாரையும் கேக்கல. ரிட்டையர் ஆனப்புறம் இங்க வந்தேன். இது ஒண்ணுதாம்மா எனக்குச் சிரிக்காமச் சொல்லுச்சு. நிலா இழுக்குதுன்னு சொல்லுச்சு. என்னோட படகுக்கு மேல எனக்குத் தெரியாம இன்னொருத்தர் இவ்வளவு நாளா கயிறு பிடிச்சிருக்காரு, பாரு!”

நாற்பத்தோர் ஆண்டுகளில் தன்னைப் பற்றி ஒருவர் வாய்விட்டுப் பேசி அந்த நூல் கேட்டது அதுவே முதன்முறை.

யோகேஸ்வரி சிவப்பு வில்லையை நகத்தால் சுரண்டி எடுத்தாள். நூலின் பின்னட்டையைக் கருவியின் கீழே காட்டினாள். பீப்.

“இனி இதை யாரும் தொட முடியாது அங்கிள். ஆள் எடுத்த புக்கு இது.”

“யாரு எடுத்தா?”

“நான்தான். என் கார்டுல போட்டுட்டேன். என் மகளும் இப்படித்தான் எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கா; நானும் சிரிச்சுட்டு விட்டுடறேன்.” நூலைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். “நாளைக்கு நீங்க வந்தா இருக்காது, பரவாயில்லயா?”

சவரிமுத்துவின் முகம் ஒரு கணம் வாடிற்று. மறுகணம் வாய் கொள்ளாமல் சிரித்தார். “அதுக்குத்தானேம்மா வெச்சுட்டு வெச்சுட்டுப் போனேன்! மெதுவாப் படிங்க. ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம் போதும். மூணாவது படத்தை மட்டும் ரெண்டு தரம் பாருங்க.” குடையை எடுத்துக்கொண்டு போனவர், வாசலில் நின்று திரும்பி, பையை நோக்கி ஒருமுறை கைகூப்பினார்.

மூன்றாம் தட்டு பிடித்துவைத்த மூச்சை விட்டது. குளிர்சாதனம் எழுந்து வேலையைத் தொடங்கியது.

யோகேஸ்வரியின் வீடு ஆற்றுமுகத்துக்கு அக்கரையில் இருந்தது. அந்தி நேரத்து ஃபெரிப் படகில் அவள் நூலை மடியில் விரித்தாள். உள்நாட்டு ஊர் ஒன்றில் அச்சாகி, பெட்டிக்குள் கப்பலேறி, சுவருக்குள் வாழ்ந்த நூல் அது. கடலை அது கண்டதேயில்லை. இப்போது முதன்முதலாகத் தலைதூக்கிப் பார்த்தது. மழை விட்டிருந்தது. கீழ்வானில் முழுநிலவு எழுந்துகொண்டிருந்தது. படகுத்துறையின் கடைசிப் படியும் நீருக்குள் போய்க்கொண்டிருந்தது. தான் இத்தனை காலமும் சொல்லிவந்தது அத்தனையும் மெய்தான் என்று அந்த நூல் கண்ணாரக் கண்டு நன்றியோடு தலைதாழ்த்திய நாள், இரண்டாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு, நவம்பர்த் திங்கள் இருபத்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை.