மே மாதத்துக்கு ஒரு வருகைப் பதிவு

"சாமி, இந்த ஒரு மாசத்தை வீணாக்காம கழிக்க ஒரு வழி சொல்லுங்க."

வந்ததும் வராததுமாகத் தையல்நாயகி டீச்சர் கேட்டது இதைத்தான். தோள் பையைக்கூட இறக்கவில்லை.

கொள்ளிடக் கரையில் நாலு ஓட்டுக் கொட்டகையும் ஒரு கிணறும் உள்ள சின்ன ஆசிரமம். சாமிக்கு முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். டீச்சருக்கு ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருஷமாக அரசுப் பள்ளியில் அறிவியல் பாடம். கோடை விடுமுறை என்றாலே விடைத்தாள், பயிற்சி முகாம், கணக்கெடுப்பு என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். இந்த வருஷம் எதுவும் வரவில்லை.

சாமி ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்களே ஏதாவது வழி வெச்சிருப்பீங்களே, டீச்சர்."

டீச்சர் ஒரு தாளை நீட்டினார். சிவப்பு மையில் கட்டம் போட்ட கால அட்டவணை. ஐந்து மணிக்குத் தியானம். ஐந்து நாற்பதுக்கு நடை. ஆறு இருபதுக்கு இந்தி. அதற்கப்புறம் கணினி. எல்லாம் நாற்பது நாற்பது நிமிடம். நடுவில் பத்து நிமிடம் இடைவேளை.

சாமி மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"மணி யாரு அடிப்பாங்க?"

"செல்போன்ல அலாரம் வெச்சிருக்கேன் சாமி."

சாமிக்குச் சிரிப்பு வந்தது. டீச்சருக்கு வரவில்லை.

அட்டவணையின் பின்னால் இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

"இது?"

"விருப்ப ஓய்வுக் கடிதம். ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுக்குள்ள கொடுக்கணும். தேதி மட்டும் போடலை."

"போகப் பிடிக்கலையா?"

டீச்சர் அப்போதுதான் பையை இறக்கி வைத்தார்.

"ஏழாவதுல ஒரு பிள்ளை. கொடிமலர்னு பேரு. முழுப் பரீட்சைக்கு முந்தின நாள் கையை இறுக்கி மூடிக்கிட்டு ஓடி வந்தா. 'டீச்சர், டீச்சர், இதைப் பாருங்களேன்'னா."

"என்ன அது?"

"தெரியாது. நான் பாக்கலை. 'படிச்சு முடிச்சியா'ன்னு கேட்டேன். கையைத் திறக்காமலே போயிட்டா."

சாமி கத்தியைக் கீழே வைத்தார்.

"அன்னையிலேர்ந்து என்னை எனக்கே பிடிக்கலை சாமி. இப்படிக் கேக்கற வாய் வகுப்புக்குள்ள போகக் கூடாது. இந்த ஒரு மாசத்துல சரியானா போவேன். இல்லேன்னா தேதியைப் போட்டுடுவேன்."

சாமி கடிதத்தை மடித்து ஊறுகாய் ஜாடிக்கு அடியில் வைத்தார். கால அட்டவணையில் மாங்கொட்டைகளைப் பொதிந்து எடுத்துக்கொண்டு எருக்குழிப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலை, கிணற்றடியில்.

"தையல்நாயகி!"

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு எத்தனையோ காலம். வீட்டில் அம்மா, வெளியில் டீச்சர்.

"உள்ளேன் ஐயா!" வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சாமி அவரை ஒரு நிமிடம் பார்த்தார்.

"ஆப்சென்ட்."

கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் ஒரு சுழி போட்டார்.

"இங்கதானே நிக்கறேன்?"

"எதை நினைச்சுக்கிட்டு நின்னீங்க?"

அறிவியல் கூடத்துச் சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தோமா என்று டீச்சர் நினைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

இரண்டாம் நாள் ஆப்சென்ட். ஆசிரமத்து அறிவிப்புப் பலகையில் ஒற்றெழுத்துகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாளும் ஆப்சென்ட். சாப்பிட வந்த பதினோரு பேரை உயரவாரியாக வரிசையில் நிறுத்தி வைத்திருந்தார். சாமி மறுபேச்சில்லாமல் ஏழாவது ஆளாகப் போய் நின்றுகொண்டார்.

எட்டாம் நாள் டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"என் சர்வீஸ்ல இத்தனை நாள் நான் லீவே எடுத்ததில்லை சாமி."

"பாத்தாலே தெரியுது."

"என்னதான் படிக்கணும்? அதையாவது சொல்லுங்க."

"நான் பத்தாவதை ரெண்டு தடவை எழுதினவன். என்னைப் போய்க் கேக்கறீங்களே!"

அன்று மத்தியானம் கோபத்தோடு போய்ப் படுத்தவர் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டார். யாரும் எழுப்பவில்லை. விழித்ததும், இப்போது எந்த வகுப்பு என்று தெரியாமல் சற்று நேரம் திருதிருவென்று முழித்தார். வகுப்பு எதுவும் இல்லை. முருங்கைப் பூ உதிர்ந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் அலாரம் வைக்க மறந்து போனது. ஆனாலும் சுவரில் சுழிகள் ஏறிக்கொண்டே இருந்தன.

பத்தொன்பதாம் நாள் காலை. ஓட்டுக் கூரை இறவாணத்துக்குக் கீழே காய்ந்த பொடி மணல். அதில் புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள்.

குழியானை. எறும்பு பிடிக்க மணலில் குழி பறித்து அடியில் காத்திருக்கும் பூச்சி.

வருஷம் தவறாமல் கரும்பலகையில் அதன் படத்தை வரைந்திருக்கிறார். பாகம் குறித்திருக்கிறார். இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருக்கிறார். குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தது கடைசியாகப் பத்து வயதில்.

ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்தது. மணல் சரிந்தது. டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்த வைத்து உட்கார்ந்தார்.

எறும்பு ஏறியது. அடியிலிருந்து யாரோ மணலை வாரி இறைத்தார்கள். எறும்பு சறுக்கியது. மறுபடி ஏறியது.

"ஏறு ஏறு ஏறு..." டீச்சர் முணுமுணுத்தார்.

"தையல்நாயகி!"

கிணற்றடியிலிருந்து சாமியின் குரல். பதில் இல்லை.

சாமி எட்டிப் பார்த்தார். டீச்சர் இப்போது மண்ணில் கன்னம் படக் குனிந்திருந்தார். நரைத்த பின்னல் தூசியில் கிடந்தது.

சாமி இன்னொரு தடவை கூப்பிடவில்லை. கரித்துண்டை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் வந்த பிள்ளைகளுக்குப் போடுவார்களே, அந்தச் சாய்வுக் கோட்டைச் சத்தமில்லாமல் சுவரில் இழுத்தார். கை கழுவப் போனார்.

எறும்பு எப்படியோ தப்பித்து விளிம்பைத் தாண்டி ஓடியது. டீச்சர் சின்னதாய்க் கை தட்டினார். பிறகு ஏமாந்து போன குழிக்காரரை மணலோடு அள்ளி உள்ளங்கையில் மூடிக்கொண்டார். விரலுக்குள் அது பின்பக்கமாகவே நகர்ந்து குறுகுறுத்தது.

கிணற்றடிக்கு ஓடினார். ஐம்பத்து மூன்று வயதில், செருப்பில்லாமல், மூச்சிரைக்க.

"சாமி, சாமி, இதைப் பாருங்களேன்!"

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. அப்படியே நின்றுவிட்டார். மூடிய கையைப் பார்த்தார்.

சாமி கயிற்றை விட்டார். பாதிக் கிணறு ஏறியிருந்த வாளி சடசடவென்று மறுபடி உள்ளே விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு டீச்சருக்கு முன்னால் முழங்கால் மடித்து உட்கார்ந்தார். முகத்தை அந்தக் கைக்கு வெகு அருகில் கொண்டு வந்தார்.

"திறங்க, டீச்சர்."