ஆசை கேட்க வருகிறவர்

"அம்மா, அந்தப் பிள்ளை எதுவுமே வேண்டாங்குது" என்றார் சடையப்பன்.

"வேண்டாம்னா விட்டுடுங்க" என்றார் அம்மா.

சடையப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் குரு அம்மாதான், சீடர் சடையப்பன்தான். பாத்திரக்கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, நிம்மதி தேடி மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்தவர் அவர். அம்மா அவரைக் கண்ணை மூடி உட்காரச் சொல்லவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், பிழைக்க வழியில்லாத குழந்தைகளிடம் என்ன ஆசை என்று கேட்டு, அதை நிறைவேற்றிவிட்டு வரச் சொன்னார்.

கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. பெற்றவர்களை வெளியே அனுப்பிவிட வேண்டும். அவர்கள் பக்கத்தில் இருந்தால் குழந்தை அவர்களுக்குப் பிடித்ததைத்தான் சொல்லும். குழந்தையை நிமிர்ந்து பார்க்கும்படி தரையில் உட்கார வேண்டும். மெதுவாக, ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். சொன்னதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

சடையப்பன் இதில் கெட்டிக்காரர். அருள் என்கிற பையனுக்கு சைக்கிள் வாங்கியபோது, மணிச் சத்தம் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டு மாற்றிக்கொண்டு வந்தார். கடல் பார்க்கணும் என்ற பெண்ணை வண்டி வைத்து அழைத்துப்போய் அலையில் கால் நனைய வைத்தார். அப்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

இப்போது அது இல்லை.

"விட முடியலைம்மா. எட்டு வயசு. நித்திலான்னு பேரு. ரத்தத்துல வியாதி. இனிமே மருந்து இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். அதோட அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவுது. எம்பிள்ளைக்கு ஏதாவது செய்ங்கய்யா, ஒண்ணையும் அனுபவிக்காம போகுதேங்குது."

"பிள்ளை என்ன சொல்லுது?"

சடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் வார்டுக்குள்ள நுழைஞ்சாலே சுவத்துப் பக்கம் திரும்பிக்கும். இல்லைன்னா தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கும். நேத்துதான் வாயைத் திறந்துச்சு. 'தாத்தா, அருளுக்கு சைக்கிள் குடுத்தீங்க, அவன் செத்துட்டான். கடலுக்குப் போன அக்காவும் செத்துட்டாங்க. எனக்கு எதுவும் வேணாம். நான் நல்லாத்தான் இருக்கேன்'னுச்சு."

சடையப்பனே தொடர்ந்தார்.

"மத்த பிள்ளைங்களும் என்னைப் பார்த்தா போர்வையை இழுத்து மூடிக்குதுங்க. பெத்தவங்களை வெளிய போகச் சொன்னதுமே அதுங்களுக்குத் தெரிஞ்சுபோயிடுது. நான் நல்லது பண்றேன்னு நினைச்சேன்மா. எமன் மாதிரியில்ல போய் நின்னிருக்கேன்."

எந்தச் செய்தியை டாக்டரும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லவில்லையோ, பெற்ற தாயும் சொல்லவில்லையோ, அதைத் தான் போய்ச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அவருக்கு மனசு ஆறவில்லை.

"குணமாயிடும், சும்மாதான் கேட்டேன்னு சொல்லட்டுமா?"

"நம்புமா?"

"நம்பாது."

அவரே மறுபடியும் கேட்டார்.

"நான் போறதையே நிறுத்திடட்டுமா?"

"நிறுத்தினா பிழைச்சுடுமா?"



அம்மா எழுந்தார். கூடத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்களை வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்தினார். சடையப்பனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் தரையில் உட்கார்ந்தார்.

"எந்திரிங்கம்மா, நீங்க கீழ உட்காரலாமா" என்று சடையப்பன் பதறினார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். மெதுவாக, ஒரே ஒரு தடவை கேட்டார்.

"ஐயா, உங்களுக்கு என்ன ஆசை?"

போன வாரம் தனக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தது சடையப்பனுக்கு ஞாபகத்துக்கு வந்தது. சர்க்கரை பார்க்கத்தான் எடுத்தார்கள்.

"எதுக்கு என்னைக் கேக்கறீங்க?"

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? எம்பையன் வந்து பேசினானா?"

அம்மா காத்திருந்தார்.

"எனக்கு எதுவும் வேணாம்" என்றார் சடையப்பன். "நான் நல்லாத்தான் இருக்கேன்."

அம்மா எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

மறுநாள் காலையில் சடையப்பன் வார்டுக்குப் போனார். நித்திலா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய அம்மா, சொல்லாமலே எழுந்து வெளியே கிளம்பினாள்.

"நீ இரும்மா" என்றார்.

தரையில் உட்காரவில்லை. கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தார். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"பாப்பா, நேத்து என்கிட்டயும் கேட்டுட்டாங்க."

நித்திலாவின் மொட்டைத் தலை மெல்லத் திரும்பியது.

"யாரு?"

"எங்க அம்மா. என்னை இங்க அனுப்பி வைக்கிறவங்க."

"எல்லாரையும் வெளிய அனுப்பிட்டா கேட்டாங்க?"

"ஆமா. கீழ உட்கார்ந்து."

நித்திலா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எதுவும் வேணாம்னேன். நல்லாத்தான் இருக்கேன்னேன்."

"பயமா இருந்துச்சா?"

"இப்பவும் இருக்கு" என்றார் சடையப்பன். அது பொய்யில்லை.

பக்கத்தில் நின்றிருந்த தாய் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

நித்திலா ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கிப் பிடித்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள். அதற்கே மூச்சு வாங்கியது.

"இங்க உட்காருங்க தாத்தா. இந்தப் பக்கம்தான் காத்து வரும்."

உட்கார்ந்தார். அவள் அவர் காதருகே வந்தாள்.

"இனிமே யாராவது கேக்க வந்தா, நாம ரெண்டு பேரும் தூங்கற மாதிரி இருந்துடலாம்."

சடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இறுக்கி மூடக் கூடாது" என்றாள் நித்திலா. "கண்டுபிடிச்சுடுவாங்க."