ஒரு படகுக்கு இரண்டு நானூறு

சத்தியமாகச் சொல்கிறேன், ஊர் கேட்கவே சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் இனி நான் குடிக்கும் டீயெல்லாம் உப்புக் கரிக்கட்டும்.

புளியங்கொட்டை என்று ஒரு நாணயம். கையில் பிடிக்க முடியாது, கணினிக்குள்தான் உருளும். அதற்கு வங்கி இல்லை, முதலாளி இல்லை. ஊர் ஊராக நூறு கணினிகள். யாரிடம் எத்தனை கொட்டை என்று எழுதிய புத்தகத்தின் நகல் ஒவ்வொன்றிலும் உண்டு. விதியை மாற்றலாமென்று யாரும் யோசனை சொல்லலாம். ஏற்கிறவர் தம் கணினியில் தாமே பட்டனை அழுத்த வேண்டும். மறுக்கிறவருக்கு வேலையே இல்லை. காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் பழைய விதி தன்னால் ஓடும்.

மணப்பாட்டு ரெஜினாள் கருவாடு விற்று நானூறு கொட்டை சேர்த்திருந்தாள். உலகு ஆசாரி கட்டும் பைபர் படகின் விலை அது. அவர் படகென்றால் மீன் வலைக்குக் காத்திராது. ஒரு சுறா வந்து இடமிருக்கிறதா என்று கேட்டதை நானே பார்த்தேன்.

நானூறையும் அவள் கணினிக்குள்ளேயே இருக்கும் ஒரு பொதுப் பானையில் போட்டு வைத்தாள். கேட்டால் கொடுத்துவிட்டு, பிறகு கணக்கில் கழிக்கும் பானை. தயாளன் என்றொருவன் ஒரு கொட்டையைப் போட்டான், திருப்பிக் கேட்டான், பானை கழிப்பதற்குள் மறுபடி கேட்டான். அப்பளம் வைக்கிறவர் திரும்புவதற்குள் அடுத்த இலைக்குத் தாவுகிற மாதிரி. பானை காலி.

"நான் எந்த விதியை மீறினேன்? கொடுத்துச்சு, வாங்கிக்கிட்டேன்" என்றான்.

ரெஜினாள் ஒரு மாற்றம் கேட்டாள்: திங்கட்கிழமை முதல் அந்த நானூறு மறுபடி தன் பெயரில் இருக்க வேண்டும், பானையின் ஓட்டையும் அடைபட வேண்டும்.

திருப்பூர் சென்னியப்பனிடம் எழுபது கணினிகள். "அந்தம்மா அழுவுறது பொறுக்கலீங்க" என்று எழுபதிலும் அழுத்தினார்.

காயல்பட்டினத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜொகரா பீவியிடம் ஒன்றே ஒன்று. அவள் அழுத்தவில்லை. "இன்னைக்குத் திருடன்கிட்ட புடுங்குறிய. நாளைக்கு யார் சொல்லி யார்கிட்ட புடுங்குவிய?" அவளோடு சேர்ந்து இன்னும் சிலரும் காலை நீட்டிக்கொண்டார்கள்.

ஆசாரியிடமும் ஒரு கணினி உண்டு. படகுக்குப் பூசும் பிசின் கொட்டி அதன் பட்டன் மாதக்கணக்கில் இறுகிக் கிடந்தது. திரையைப் பார்ப்பதோடு சரி. ரெஜினாளும் தயாளனும் ஒரே படகுக்கு வந்து நின்றபோது சொன்னார்: "திங்கட்கிழமைதான் வேலை முடியும். அன்னைக்கு என் புத்தகத்துல யார் நானூறு வந்து விழுதோ, அவுகளுக்குப் படகு."

பிறகு ரெஜினாளிடம் மட்டும் கேட்டார்: "இந்த ஒரு தடவைக்குத்தான, தாயி?"

"ஒரே தடவை, அண்ணாச்சி. ஓட்டையத்தான் அடைச்சாச்சுல்லா."

அவர் தலையாட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. புது விதியை வரிவரியாக வாசித்தார். ஞாயிறு சாயங்காலம் ஒரு கத்தியை இரவல் வாங்கி, பட்டனில் இறுகிய பிசினைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

திங்கள் விடிந்ததும் புத்தகம் இரண்டாகப் பிரிந்தது. பட்டனை அழுத்தியவர்களிடம் இருந்த புதியதில் நானூறு ரெஜினாள் பெயரில். அழுத்தாதவர்களிடம் இருந்த பழையதில் தயாளன் பெயரில். தயாளன் ஆறு மணிக்கே கொட்டைகளை அனுப்பினான். ரெஜினாள் பூசை முடிந்து எட்டு மணிக்கு அனுப்பினாள். ஆசாரி யாரையும் ஏமாற்றுகிறவர் அல்ல, சொன்ன சொல் மாறுகிறவரும் அல்ல.

நானூறு இருவரிடமும் உண்டு. படகு ஒன்று. அது யாருக்குப் போனது? எதை வைத்துச் சொல்வீர்கள்?

முந்தி அனுப்பியவனுக்கு என்பீர்கள், தவறு. எழுபது கணினி பக்கம் என்றால் அதுவும் தவறு. ஆசாரி சொன்னது "என் புத்தகத்துல" என்று. மறுக்க நினைத்தவருக்குப் பட்டன் எதற்கு? பிசினோடு கிடக்கட்டுமென்று விட்டிருப்பாரே! ஏற்கத்தான் சுரண்டினார். படகு ரெஜினாளுக்கு. ஜொகரா செய்ததும் தப்பில்லை. அவள் கணினியை யாரும் தொடவில்லை, அவளும் யாருடையதையும் தொடவில்லை. தயாளன் அவள் கடைக்குப் போய் ஒரு கொட்டை நீட்டியபோது, முகத்தைப் பார்க்காமலே ஒரு போன் கவரை எடுத்துக் கொடுத்தாள். அவள் புத்தகத்தில் அது அவனுடைய கொட்டைதானே.

ஆசாரிக்குக் கத்தி கொடுத்தது யாரென்று தயாளன் இன்னமும் விசாரித்துக்கொண்டு திரிகிறானாம். ஆகவே, புண்ணியமாய்ப் போகும், இதையெல்லாம் யார் சொன்னதென்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.