குறிமுள்ளின் பருமன்

சேந்தன் வில்லை முழுதாக இழுத்தபோது குறிமுள் காணாமல் போனது.

முள் விழவில்லை. வில்லில்தான் இருந்தது. பொழுது சாய்ந்து புல்சரிவில் நிழல் ஏறியிருந்தது. கருமயிர் போன்ற அந்த முள் நிழலோடு நிழலாகிவிட்டது. சரிவின் கீழே சிறுத்தை, புல்லறுக்க வந்த நீலியின் கழுத்தைக் கவ்விக்கொண்டு நின்றது. சேந்தன் கண்ணை இடுக்கிப் பார்த்தான். வில்லை உயர்த்தி, வானத்து வெளிச்சத்தில் முள்ளைக் கண்டுபிடித்தான். கீழே இறக்கியதும் அது மறுபடி மறைந்தது. அவன் தேடிக்கொண்டிருக்கும்போதே சிறுத்தை அவளை இழுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கிவிட்டது. அவளுடைய புல்லறுக்கும் அரிவாள் மட்டும் சரிவில் கிடந்தது.

ஈச்சம்பாறை மலையூரைக் காவல் காக்கக் கோட்டையிலிருந்து அனுப்பப்பட்ட வில்லாளி அவன். காதோரம் நரைத்தவன். கோட்டைத் திடலின் ஒரு கோடியில் நின்று மறுகோடியில் தொங்கும் எலுமிச்சம்பழத்தைத் தைப்பான். அந்த நாட்டில் வில்லின் பிடிக்கு மேலே பக்கவாட்டில் ஒரு சிறு முள்ளைப் பொருத்துவார்கள். அதன் நுனியை இலக்கின்மேல் நிறுத்தி எய்தால் அம்பு அங்கே போகும். சேந்தனின் முள் ஒரு பன்றிமயிர். அத்தனை மெல்லிய முள் கோட்டையில் வேறு யாரிடமும் இல்லை.

நீலியின் உடலைத் தேடியெடுத்து அடக்கம் செய்தார்கள். அவள் கணவன் காரி சேந்தனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை.

அதன்பிறகு ஊரில் வெயில் இறங்குமுன்பே கதவுகள் அடைபட்டன. சிறுத்தை என்ற சொல்லையே விட்டுவிட்டார்கள். "அது" என்றார்கள். "அது நேற்று ஓடை மேட்டில் நின்றதாம்." "அது கொட்டிலைச் சுற்றி வந்ததாம்." ஒரு காலையில் சேந்தன் படுத்திருந்த சாவடியின் வாசல் புழுதியில் அதன் தடம் இருந்தது. வந்த தடம் ஆழமாக இருந்தது. கொஞ்சநேரம் அங்கேயே நின்றிருக்கிறது.

அன்றைக்கே அவன் மலைமுகட்டுக்கு ஏறிப்போனான்.

முகட்டில் கொற்றி இருந்தாள். அவனைவிட இளையவள். தேனெடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்ததில் வலது தோள் முறிந்து, வில் இழுக்க முடியாமல் போனவள். ஆனாலும் அந்த மலையில் வில் கற்க வேண்டுமென்றால் அவளிடம்தான் போவார்கள். சேந்தன் போனபோது இடது கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் வில்லை அவள் முன்னால் வைத்து வணங்கினான்.

"ஆசானே, குறிமுள் எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும்?"

கொற்றி அவன் கண்களைப் பார்த்தாள். "தூங்கி நாளாயிற்றா?"

"நீலி செத்ததிலிருந்து தூக்கமில்லை."

அவள் ஒரு சுளையை எடுத்துக் கொடுத்தாள். அவன் வாயில் போட்டுக்கொண்டான்.

சேந்தன் இடுப்பிலிருந்த மூங்கில் குழாயைக் கவிழ்த்தான். பன்றிமயிர், பித்தளைக் கம்பி, வெள்ளையான தடித்த மீன்முள். கொற்றி தொலைவில் ஒரு மரக்கிளையில் எலுமிச்சம்பழம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு வந்தாள்.

"மீன்முள்ளைப் பொருத்திப் பாருங்கள்."

அவன் இழுத்தான். "பழம் தெரியவில்லை, ஆசானே. முள் முழுதாக மறைக்கிறது."

"மயிரைப் பொருத்துங்கள்."

"பழத்தின் காம்புகூடத் தெரிகிறது."

"சரி, உட்காருங்கள்."

அவள் மீதிப் பலாப்பழத்தை அறுத்தாள். அவன் உட்கார்ந்திருந்தான். பொழுது மங்கியதும், "இப்போது இழுங்கள்" என்றாள்.

இழுத்தான். "பழம் இருக்கிறது. முள்ளைக் காணோம். அன்றைக்கும் இப்படித்தான் ஆசானே."

"மீன்முள்."

"முள் பளிச்சென்று தெரிகிறது. பழத்தைக் காணோம்."

"நடுவில் ஒன்று வைத்திருக்கிறீர்களே."

பித்தளைக் கம்பியைப் பொருத்தினான். முள்ளும் அரைகுறையாகத் தெரிந்தது, பழமும் அரைகுறையாகத் தெரிந்தது. வில்லைத் தாழ்த்திவிட்டு அவளைப் பார்த்தான். அவள் கையிலிருந்த பலாப்பாலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மீன்முள்ளையே வைத்துக்கொள்கிறேன்" என்றான். "அது மாலையில்தான் வருகிறது. என் முள்ளாவது எனக்குத் தெரியட்டும்."

"நானும் வருகிறேன்" என்றாள் கொற்றி.

மறுநாள் ஓடைமுகத்தில் ஒரு வெள்ளாட்டைக் கட்டினார்கள்.

"எங்கே உட்காரப் போகிறீர்கள்?" என்று கொற்றி கேட்டாள்.

சேந்தன் சரிவின் உச்சியில், வெகுதூரத்தில் இருந்த பாறையைக் காட்டினான். "அங்கிருந்து எல்லாம் தெரியும்." கொஞ்சம் பொறுத்து, "செங்குத்துப் பாறை. அது ஏறாது" என்றான்.

அவள் அவனோடு பாறைமேல் ஏறினாள்.

பொழுது இறங்கியது. காற்று நின்றது. ஆட்டுக்குப் பக்கத்துப் புல்லில் ஏதோ அசைந்தது. தாழ்வாக, தரையோடு தரையாக, நாலு காலில். நின்றது. மறுபடி ஊர்ந்தது. சேந்தன் வில்லை எடுத்தான். இழுத்தான். வெள்ளை முள் அந்த உருவத்தின்மேல் ஏறி அதை முழுவதும் மூடியது. இந்தத் தடவை முள் தெரிந்தது. அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது.

"முள்ளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?" கொற்றி மெதுவாகக் கேட்டாள்.

"அதுதான்."

"பார்த்தீர்களா?"

"முள் மறைக்கிறது."

"முள்ளை இறக்கிப் பாருங்கள்."

அவன் இறக்கினான். அந்த உருவம் முழங்காலில் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருமியது.

காரி.

சேந்தன் பாறையிலிருந்து சறுக்கி இறங்கி ஓடினான். காரி புல்லை விரலால் கோதிக்கொண்டிருந்தான்.

"இங்கே என்ன செய்கிறாய்?"

"அவள் காலில் ஒரு மெட்டிதான் இருந்தது. இன்னொன்றைக் காணோம்."

"காரி, நான் உன்னை எய்யப் பார்த்தேன்."

காரி துழாவுவதை நிறுத்தவில்லை. "எய்திருக்கலாம்" என்றான்.

சேந்தன் அவனைத் தூக்கி நிறுத்தி ஊருக்குள் கொண்டுபோய் விட்டான்.

காலையில் அவன் கொற்றியிடம் வந்தான். "மெல்லிய முள்ளால் நீலி போனாள். பருத்த முள்ளால் காரி போயிருப்பான். எந்த முள் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லையே."

கொற்றி அவனை ஓடைமுகத்துக்குக் கூட்டிப்போனாள். இரவில் அது வரவில்லை; ஆடு தழை மென்றுகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், ஒரு மாட்டுவண்டி நீளத் தொலைவில், அடர்ந்த சூரைப்புதர் ஒன்று இருந்தது. புதருக்குள் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு முள்ளை வெட்டச் சொன்னாள். வெட்டினான்.

"உள்ளே நின்று இழுங்கள். எந்த முள்?"

"மீன்முள்தான்."

"என்ன தெரிகிறது?"

"ஆடு தெரிகிறது. அதன் காது, தாடி, எல்லாம் தெரிகிறது. முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு கையகலம் மட்டும் மறைகிறது. அம்பு போக வேண்டிய இடம்..."

சொல்லிக்கொண்டு வந்தவன் நிறுத்தினான். வில் தானாகத் தாழ்ந்தது.

"இங்கேயா?"

"எந்த முள் என்று கேட்டீர்கள். இங்கே நின்றால் இதுதான்."

"இத்தனை கிட்டத்தில் அம்பு தவறினால்?"

"இன்னொரு அம்பு எடுக்க அவகாசம் இருக்காது."

"ஆசானே, பயம் போக ஏதாவது வழி..."

"எனக்குத் தெரியாது" என்றாள் கொற்றி.

பிற்பகலில் சேந்தன் தன் துணிமூட்டையைக் கட்டினான். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு, கோட்டைக்குப் போகும் பாதையில் ஊர்க்கிணறுவரை போய்விட்டான். கிணற்றடியில் ஒருத்தி குடத்தை நிரப்பி வைத்துவிட்டு, கண்ணுக்குமேல் கையை வைத்துச் சூரியனைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"ஐயா, பொழுது இருக்கிறதா? இன்னொரு குடம் எடுக்கலாமா?"

சேந்தன் வானத்தைப் பார்த்தான். "இருக்கிறது. எடுங்கள்" என்றான்.

அவள் கயிற்றை விட்டாள். அவன் நின்றான். இரண்டாவது குடமும் நிரம்பி, அவள் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிடும்வரை நின்றான். அதற்குமேல் அந்தப் பாதையில் நடக்கக் கால் வரவில்லை. திரும்பிவிட்டான்.

"நீங்களும் என்னோடு உள்ளே நிற்பீர்களா?" என்று கொற்றியைக் கேட்டான்.

"அங்கே இரண்டு பேர் மூச்சு கேட்கக்கூடாது" என்றாள். அவள் சாவடிக்குப் போனாள்.

புதருக்குள் அவன் தனியாக நின்றான். முதலில் குருவிகள் அடங்கின. பிறகு சில்வண்டு அடங்கியது. ஆடு மெல்லுவதை நிறுத்தி விறைத்தது. சேந்தன் ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஓடையிலிருந்துதான் வரும்.

வரவில்லை. வாடைதான் முதலில் வந்தது. அழுகிய இறைச்சியும் ஈரமயிரும் கலந்த வாடை. அவன் முதுகுப்பக்கத்திலிருந்து வந்தது.

திரும்பிப் பார்க்கும் தைரியம் இல்லை. காய்ந்த இலை ஒன்று நொறுங்கியது. புதரின் வெளிமுட்களில் ஏதோ உரசிக்கொண்டு போனது. அதன் மூச்சு அவன் இடுப்புயரத்தில் கேட்டது. தொடை வழியே வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது. அது தன் சிறுநீர் என்று அவனுக்குத் தெரிய நேரமாயிற்று. கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் அடுத்த நொடியே அது உள்ளே வந்துவிடும்.

அது அவனைக் கடந்து போனது. ஆட்டுக்கு எதிரே பக்கவாட்டில் நின்றது. அதன் விலா மூச்சில் ஏறி இறங்குவது தெரிந்தது.

சேந்தன் இழுத்தான். வில் முனகியது.

அது முகத்தைத் திருப்பி அவனைப் பார்த்தது. மங்கிய வெளிச்சத்தில் வெள்ளை முள் தெரிந்தது. முள்ளைச் சுற்றி அதுவும் தெரிந்தது. முள் நிற்காமல் அலைந்தது. விட்டான்.

அது ஆளுயரத்துக்கு எம்பியது. விழுந்து, மண்ணைப் பிறாண்டி, ஓடைக்குள் உருண்டது. கற்கள் சரியும் ஓசை கேட்டது. அதன்பிறகு ஆடு கத்த ஆரம்பித்தது.

கொற்றியும் ஊராரும் பந்தங்களோடு வந்தார்கள். ஓடைக்குள் குனிந்து பார்த்த காரிதான் முதலில், "சிறுத்தை செத்துவிட்டது" என்றான். சேந்தன் புதரைவிட்டு வெளியே வரவில்லை. கொற்றி உள்ளே கையை நீட்டி அவனை வெளியே கொண்டுவந்தாள். அவன் வேட்டி நனைந்திருப்பதைப் பார்த்தாள். தன் மேல்துணியை எடுத்து அவன் இடுப்பில் சுற்றினாள்.

"ஆசானே, பயம் போகவே இல்லை. இப்போதும் நடுங்குகிறேன்."

"எய்யும்போது?"

"அப்போதும்தான். முள் ஓரிடத்தில் நிற்கவில்லை."

"எங்கெல்லாம் போனது?"

சேந்தன் யோசித்தான். "முன்னங்காலுக்கும் விலாவுக்கும் நடுவே இப்படியும் அப்படியும் போனது. அதைவிட்டு வெளியே போகவில்லை."

"அப்படியானால் நீங்கள் நின்ற இடம் சரி" என்றாள் கொற்றி.